சட்டத்திற்கும் மேலான சட்டம்: புனித தோமஸ் மோரின் வாழ்வு

ஒரு செயல் நல்லதா தீயதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? இக்கேள்விக்கு நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் வேலைத்தலங்களிலும் இன்று மூன்று விடைகள் வழங்கி வருகின்றன. எல்லோரும் செய்கிறார்கள், ஆகவே அது பிழையல்ல என்பது ஒரு விடை. நாட்டின் சட்டம் இடமளிக்கிறது, ஆகவே அது பிழையல்ல என்பது இன்னொன்று. எனக்கு அது சரியாகப் படுகிறது, உமக்குப் பிழையாகப் பட்டால் அது உமது கருத்து என்பது மூன்றாவது. இம்மூன்றும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. நன்மையும் தீமையும் நமக்கு முன்பே நிலைபெற்றவை அல்ல, மனிதர் கூடி வகுத்துக்கொள்பவை, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுபவை என்ற எண்ணமே அந்த வேர்.

திருச்சபை இதனை ஏற்பதில்லை. திருச்சட்டத்தைப் பெற்றிராத பிற இனத்தாரின் உள்ளங்களிலும் இறைவனின் சட்டம் எழுதப்பட்டிருக்கின்றது, அதற்கு அவர்களுடைய மனச்சாட்சியே சாட்சி பகர்கின்றது என்று புனித பவுல் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தில் எடுத்துரைக்கிறார். உள்ளத்தில் பதிந்துள்ள இந்தச் சட்டத்தையே இயற்கைச் சட்டம் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கினார். அரசர் இயற்றும் சட்டம் இதனோடு இசைந்திருக்கும் அளவுக்கே சட்டமாகும், இதற்கு முரணாயின் அது சட்டத்தின் சிதைவேயாகும் என்பது அவரது போதனை.

நூலில் வாசிக்கும்போது இது எளிதாகத் தோன்றும். இதற்காகப் பதவியையும் சொத்தையும் குடும்பத்தின் அரவணைப்பையும், இறுதியில் தலையையும் கொடுக்க நேரும்போதுதான் இதன் கனம் விளங்கும். அவ்வாறு கொடுத்தவர்களுள் ஒருவர் புனித தோமஸ் மோர். அவர் சட்டத்தை வெறுத்த கலகக்காரர் அல்லர். தம் காலத்து இங்கிலாந்தில் சட்டத்தை அவரளவு அறிந்து நேசித்தவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் அவரது வாழ்வு நமக்கு ஒரு பாடமாகிறது.

துறவு மடத்தின் வாசலில்

தோமஸ் மோர் 1478ஆம் ஆண்டு இலண்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோன் மோர் சட்டத்தரணியாக இருந்து பின்னர் நீதிபதியானவர். அக்கால வழக்கப்படி சிறுவன் தோமஸ், கன்டர்பரிப் பேராயரும் நாட்டின் சான்சலருமான ஜோன் மோர்ட்டனின் இல்லத்தில் பணிவிடைக்காகச் சேர்க்கப்பட்டான். மேசையருகே நின்று பரிமாறும் இந்தச் சிறுவன் பிற்காலத்தில் வியத்தகு மனிதனாக விளங்குவான் என்று பேராயர் தம் விருந்தினரிடம் சொல்லி மகிழ்வாராம். அவனை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்தவரும் அவரே. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் தந்தை மகனைத் திரும்ப அழைத்து இலண்டனில் சட்டம் பயில வைத்தார்.

சட்டம் பயின்ற இளைஞரின் உள்ளம் இறைபணியையும் நாடியது. இலண்டனில் கார்த்தூசியன் துறவிகளின் மடத்தருகே ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தங்கி, அவர்களுடைய செபத்திலும் நோன்பிலும் பங்குகொண்டார். குருத்துவமா இல்லறமா என்று நெடுநாள் சிந்தித்து, முடிவில் இல்லறத்தைத் தேர்ந்தார். எனினும் மடத்தில் கற்ற ஒழுக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. பிற்காலத்தில் பட்டாடையும் பொற்சங்கிலியும் அணிந்து அரசவைக்குச் சென்ற நாட்களிலும், உள்ளே உடலை உறுத்தும் முரட்டு உரோம ஆடையை ஒறுத்தலாக அணிந்திருந்தார். அதனை அறிந்தவர்கள் வெகு சிலரே.

1505ஆம் ஆண்டளவில் ஜேன் என்ற பெண்ணை மணந்தார். மார்கிரட், எலிசபெத், சிசிலி, ஜோன் என நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1511இல் ஜேன் இறந்துபோக, தாயற்ற குழந்தைகளுக்காக அலிஸ் என்ற கைம்பெண்ணை மறுமணம் செய்தார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்கப்பட்ட அக்காலத்தில், தம் புதல்வியருக்கும் மகனுக்கும் ஒரே தரத்தில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தார். மூத்த மகள் மார்கிரட்டின் புலமையை ஐரோப்பிய அறிஞர்கள் வியந்தனர். மாலையில் குடும்பம் முழுவதும் பணியாளரோடு கூடிச் செபிப்பது அவ்வீட்டு வழக்கம். உலகறிந்த அறிஞர் எராஸ்மஸ் அவ்வீட்டில் தங்கியே தமது புகழ்பெற்ற அங்கத நூலை எழுதினார். மோர் எழுதிய யுத்தோப்பியா என்ற நூல் 1516இல் வெளிவந்து அவரது பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியது.

பிசாசுக்கும் நீதி வழங்கிய நீதிபதி

1510இல் இலண்டன் நகரின் துணை செரீப் என்னும் நீதிப் பதவி அவரை வந்தடைந்தது. அதன்பின் அரச ஆலோசனைச் சபை, பாராளுமன்ற சபாநாயகர் பதவி எனப் படிப்படியாக உயர்ந்தார். 1529 ஒக்டோபரில் மன்னர் எட்டாம் ஹென்றி அவரை நாட்டின் அதிஉயர் நீதிப் பதவியான சான்சலர் பதவியில் அமர்த்தினார்.

அவரது நீதி பற்றிய நிகழ்ச்சிகள் பலவற்றை அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். ஒரு பக்கத்தில் தம் தந்தையும் மறுபக்கத்தில் பிசாசும் நின்று, நியாயம் பிசாசின் பக்கம் இருக்குமானால் பிசாசுக்கே தீர்ப்பளிப்பதாக மோர் கூறுவாராம். இன்னொரு மருமகனுக்கு அவரது நீதிமன்றிலே ஒரு வழக்கு இருந்தது. மாமனார் கைவிடமாட்டார் என்ற நம்பிக்கையில் அவர் சமரசத்துக்கு இணங்க மறுத்தார். மோர் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார். வழக்கில் வென்ற செல்வந்தப் பெண் ஒருத்தி புத்தாண்டுப் பரிசாகக் கையுறைகளுக்குள் 40 பவுண் பொற்காசுகளை இட்டுக் கொடுத்தபோது, அவளது மனம் நோகாதபடி கையுறைகளை ஏற்றுக்கொண்டு காசைத் திருப்பிக் கொடுத்தார். உறவு, பணம், செல்வாக்கு எதனாலும் வளைக்க முடியாத ஒரு நீதி உண்டு என்பதை அவர் முதலில் கற்றது இத்தகைய சிறு காரியங்களில்தான்.

அவரது பதவிக்காலத்தில் நாம் மறைக்கக்கூடாத ஒரு பகுதியும் உண்டு. தப்பறையைப் போதித்தார்கள் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேர் அவர் சான்சலராயிருந்த காலத்தில் தீயிட்டுக் கொல்லப்பட்டனர். அந்தச் சட்டத்தை மோர் ஆதரித்தார், அதற்காக எழுதினார். 2000ஆம் ஆண்டில் அவரைப் பாராட்டி மடல் வரைந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் இவ்விடயத்தில் அவர் தம் காலத்துப் பண்பாட்டின் குறைபாட்டைக் கொண்டிருந்ததை மறைக்கவில்லை. அக்காலத்தில் எல்லா நாடுகளும் அவ்வாறே செய்தன என்பது உண்மை. அது ஒருவரது குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம். செய்த செயலைச் சரியாக்காது. மனச்சாட்சியை வன்முறையால் நெருக்கக்கூடாது என்பதைத் திருச்சபை 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வாயிலாகத் தெளிவாகப் போதித்தது. காலத்துக்குக் காலம் மாறாத அளவுகோல் ஒன்று உண்டென நாம் நம்புவதாயின், அது புனிதர்களையும் அளக்கும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மன்னரின் பெருங்கவலை

மன்னர் ஹென்றி 1509இல் தம் இறந்த சகோதரர் ஆர்தரின் மனைவி கத்தரினைத் திருத்தந்தையின் விசேட அனுமதியோடு மணந்திருந்தார். அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளில் உயிர்தப்பி வளர்ந்தவர் மரியா என்ற மகள் மட்டுமே. ஆண்வாரிசு வேண்டும் என்ற கவலையும் ஆன் பொலின் மீதான மோகமும் சேர்ந்து, முதல் திருமணம் செல்லாதது என்று தீர்ப்புப் பெறுமாறு 1527 தொடக்கம் மன்னரைத் தூண்டின. உரோமாபுரி இணங்கவில்லை. எனவே உரோமாபுரியின் அதிகாரத்தையே இங்கிலாந்திலிருந்து நீக்கும் வழியை மன்னரும் அவரது ஆலோசகர்களும் நாடினர். 1532 மே 15ஆம் நாள் நாட்டின் குருகுலம் மன்னருக்குப் பணிந்தது. மறுநாள் மோர் தம் பதவி முத்திரையை மன்னரிடம் ஒப்படைத்தார்.

இங்கு ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். 1521இல் மன்னர் லூத்தருக்கு எதிராக ஒரு நூல் எழுதி, விசுவாசத்தின் காவலர் என்ற பட்டத்தைத் திருத்தந்தையிடமிருந்து பெற்றார். அந்நூலில் திருத்தந்தையின் அதிகாரத்தை இவ்வளவு உயர்த்தி எழுத வேண்டாம், சற்று அடக்கி எழுதலாம் என்று அன்று ஆலோசனை கூறியவர் மோர். மன்னர் அதை மறுத்துவிட்டார். அந்த வாதங்களைப் படித்த பின்னரே மோர் இக்கேள்வியை ஆழமாக ஆராயத் தொடங்கினார். திருத்தந்தையரின் எழுத்துக்களையும் திருச்சபைத் தந்தையரையும் பொதுச்சங்கங்களையும் ஆண்டுக்கணக்காக ஆய்ந்து, மன்னர் எழுதியதே உண்மை என்ற முடிவுக்கு வந்தார். மாணவர் உண்மையைக் கண்டடைந்த வேளையில் ஆசிரியர் அதைக் கைவிட்டிருந்தார். மன்னருக்குத் தேவை மாறியதும் உண்மையும் மாறியது. மோருக்கோ உண்மை ஒருவரது தேவையைப் பொறுத்ததன்று.

1533 ஜூன் முதலாம் நாள் ஆன் பொலினின் முடிசூட்டு விழா நடந்தது. விழாவுக்கு வரும்படி மூன்று ஆயர்கள் மோருக்கு அழைப்பு விடுத்து, புத்தாடைக்கென 20 பவுணும் அனுப்பினர். பணத்தை ஏற்றுக்கொண்ட அவர் விழாவுக்குச் செல்லவில்லை. முதலில் விழாவுக்கு வருமாறு கேட்பார்கள், பின் அதை நியாயப்படுத்திப் பேசக் கேட்பார்கள், அதன்பின் எழுதக் கேட்பார்கள், இவ்வாறு படிப்படியாக மனிதனைக் கறைப்படுத்திய பின்னர் அவனை விழுங்கியும் விடுவார்கள் என்று அந்த ஆயர்களை அவர் எச்சரித்தார். தம்மை அவர்கள் விழுங்கலாம், ஆனால் கறைப்படுத்த இடந்தரப்போவதில்லை என்பதே அவரது நிலை.

சாளரத்தின் அருகே

1534இல் பாராளுமன்றம் வாரிசுரிமைச் சட்டத்தை நிறைவேற்றி, அதனை ஏற்றுக் குடிமக்கள் சத்தியம் செய்ய வேண்டுமெனப் பணித்தது. ஏப்ரல் 13ஆம் நாள் மோர் இலம்பெத் மாளிகைக்கு அழைக்கப்பட்டார். அன்று அங்கு அழைக்கப்பட்டோரில் அவர் ஒருவரே பொதுநிலையினர், ஏனையோர் குருக்கள். பேராயர் கிரான்மர், சான்சலர் ஓட்லி, செயலர் குரொம்வெல், வெஸ்ட்மின்ஸ்டர் மடாதிபதி ஆகிய நால்வரும் அவரை விசாரித்தனர். ஆன் பொலினின் பிள்ளைகளை வாரிசாக்கப் பாராளுமன்றத்துக்கு உரிமை உண்டு, அம்மட்டில் சத்தியம் செய்ய ஆயத்தம் என்றார் மோர். ஆனால் சத்தியத்தின் வாசகம் அதற்கும் அப்பால் சென்றது. அது திருத்தந்தையின் அதிகாரத்தை மறுத்தது. உள்ளத்தில் பொய் என்று அறிந்ததை மெய்யென்று கூற இறைவனையே சாட்சிக்கு அழைக்க அவரால் இயலவில்லை.

சிந்திக்கும்படி அவரை வெளியே அனுப்பினர். சாளரத்தினூடாகப் பார்த்தபோது, இலண்டன் குருக்கள் ஒருவர்பின் ஒருவராகச் சென்று சத்தியம் செய்வதும், சிலர் தோட்டத்தில் சிரித்துப் பேசி மகிழ்வதும் தெரிந்தன. மீண்டும் உள்ளே அழைக்கப்பட்டபோது, எத்தனை பேர் சத்தியம் செய்துவிட்டனர் என்பதை அவருக்கு எடுத்துக் கூறினர்.

அப்போது கிரான்மர் ஒரு நுட்பமான வாதத்தை முன்வைத்தார். சத்தியம் செய்த எவரையும் மோர் குற்றவாளியெனத் தீர்ப்பிடவில்லை. ஆகவே அவருக்கு இவ்விடயத்தில் உறுதியில்லை, இது வெறும் அபிப்பிராயமே. மன்னருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதோ உறுதியான கடமை. எனவே உறுதியற்றதை விட்டு உறுதியானதைப் பற்றிக்கொள்ள வேண்டும். இதுவே அவ்வாதம். பிறரைத் தீர்ப்பிடாதவனுக்கு உண்மை என ஒன்று இருக்க முடியாது என இன்றும் சொல்லப்படுவது இதைத்தான்.

மோர் ஒரு கணம் தடுமாறினார். அதைப் பின்னர் மகளுக்கு எழுதிய கடிதத்தில் அவரே ஒப்புக்கொண்டார். பின்னர் தெளிவு பிறந்தது. இந்த வாதத்தை ஏற்றால் உலகில் எந்தச் சந்தேகத்தையும் தீர்க்க ஆராய்ச்சியே வேண்டியதில்லை. மன்னர் எப்பக்கம் கட்டளையிடுகிறாரோ அப்பக்கமே உண்மையாகிவிடும். பிறருடைய உள்ளத்தை இறைவனே அறிவார், ஆகவே அதைத் தாம் தீர்ப்பிடுவதில்லை. தம் உள்ளம் அறிந்த உண்மைக்கோ தாமே கணக்குக் கொடுக்க வேண்டும். நாட்டின் பேரவையே ஒருபுறம் நிற்க அவர் மட்டும் மறுபுறம் நிற்பது தவறல்லவா என மடாதிபதி கேட்டார். ஒரு நாட்டின் அவையை விடப் பெரிதான, கிறிஸ்தவ உலகம் முழுவதன் அவை தம் பக்கம் நிற்கின்றது என மோர் பதிலளித்தார். ஏப்ரல் 17ஆம் நாள் அவர் இலண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார்.

மகளின் கண்ணீர்

அதிகாரத்தின் அச்சுறுத்தலைத் தாங்குவது ஒரு சோதனை. அன்பானவர்களின் வேண்டுதலைத் தாங்குவது அதனிலும் கொடிய சோதனை. மோர் சிறைப்பட்டதும் குடும்பம் வறுமைக்குள்ளானது. அவருக்கும் பணியாளருக்கும் சிறை உணவுக்கு வாரம் 15 சிலிங் செலுத்தத் தம் ஆடைகளையும் விற்க நேர்ந்ததென அலிஸ் அம்மையார் குரொம்வெலுக்கு எழுதினார். சிறைக்கு வந்த அவர், செல்சியில் அழகிய வீடும் நூல்நிலையமும் தோட்டமும் இருக்க, எலிகளுக்கிடையே அடைபட்டுக் கிடப்பது என்ன மதியென்று கணவரைக் கடிந்துகொண்டார். இந்த அறையும் நம் வீட்டைப் போலவே விண்ணகத்துக்கு அருகில் இருக்கின்றதல்லவா என்று மோர் கேட்டார்.

மார்கிரட்டின் கண்ணீர் அவரை இன்னும் அதிகம் வருத்தியது. நாட்டின் ஆயர்களும் அறிஞர்களும் செய்ததை அப்பா ஏன் செய்யக்கூடாது என மகள் மன்றாடினாள். அவளுக்கு மோர் ஒரு கதை சொன்னார். ஒரு வழக்கின் யூரர் சபையில் பதினொருவர் தம் ஊர்க்காரனுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்க முடிவுசெய்தனர். ஒருவன் மட்டும் அது நீதியல்ல என நின்றான். நல்ல கூட்டாளியாக எங்களோடு சேர்ந்து வா என்று மற்றவர்கள் அவனை வற்புறுத்தினர். அவன் அவர்களிடம் ஒன்று கேட்டான். நாளை இறைவன்முன் நிற்கும்போது, மனச்சாட்சிப்படி நடந்ததற்காக நீங்கள் மோட்சத்துக்கும் மனச்சாட்சிக்கு எதிராக நடந்ததற்காக நான் நரகத்துக்கும் அனுப்பப்பட்டால், கூட்டாளிகளாக அப்போது நீங்களும் என்னோடு நரகத்துக்கு வருவீர்களா என்பதே அவனது கேள்வி. எல்லோரும் செய்கிறார்கள் என்ற வாதத்துக்கு இதைவிடச் சுருக்கமான மறுமொழி வேண்டியதில்லை.

1535 மே 4ஆம் நாள், மோர் இளமையில் யாருடன் செபித்தாரோ அந்தக் கார்த்தூசியன் மடத்தின் தலைவர் உள்ளிட்ட துறவிகள் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்பட்டதைத் தந்தையும் மகளும் சிறைச் சாளரத்தினூடாகக் கண்டனர். மணமகன் திருமணத்துக்குச் செல்வது போல் அவர்கள் மகிழ்ச்சியோடு செல்வதை மோர் மகளுக்குச் சுட்டிக்காட்டினார்.

பாராளுமன்றத்தால் முடியாதது

மன்னரே இங்கிலாந்துத் திருச்சபையின் அதிஉயர் தலைவர் என்பதை வாய்ச்சொல்லால் மறுப்பதும் மரணதண்டனைக்குரிய தேசத்துரோகம் என இன்னொரு சட்டம் வந்தது. மோர் சட்டம் அறிந்தவர். மறுத்து ஒரு சொல்லும் பேசாமல் மௌனம் காத்தார். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வதே சட்ட மரபு என்றும், மௌனத்துக்காக ஒருவனைத் தண்டிக்க முடியாது என்றும் வாதிட்டார். வீணாக மரணத்தைத் தேடிச் செல்வது விசுவாசம் ஆகாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

ஜூன் 12ஆம் நாள் அவரது புத்தகங்களைப் பறித்துச் செல்ல வந்தவர்களுள் ரிச்சார்ட் ரிச் என்ற அரச சட்ட அதிகாரியும் இருந்தார். அவர் நட்பாகப் பேச்சுக் கொடுத்தார். பாராளுமன்றம் தம்மை அரசனாக்கிச் சட்டம் இயற்றினால் மோர் ஏற்பாரா என்று கேட்டார். மோர் ஏற்பதாகக் கூறினார். பின் மோர் வேறொன்று கேட்டார். கடவுள் கடவுளல்ல என்று பாராளுமன்றம் சட்டம் இயற்றினால் ரிச் ஏற்பாரா? எந்தப் பாராளுமன்றமும் அப்படிச் சட்டம் இயற்ற முடியாதென ரிச் ஒப்புக்கொண்டார்.

அன்பானவர்களே, முழு விவாதமும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. யார் ஆள்வது, எவ்வளவு வரி அறவிடுவது, எந்தத் தண்டனை விதிப்பது போன்றவற்றை மனிதர் கூடி முடிவு செய்யலாம், மாற்றியும் அமைக்கலாம். கடவுள் கடவுளாக இருப்பதோ, அப்பாவியைக் கொல்வது அநீதியாக இருப்பதோ, பொய்ச்சத்தியம் பாவமாக இருப்பதோ வாக்கெடுப்பினால் வந்ததன்று, வாக்கெடுப்பினால் போவதுமன்று. மோர் சாவை எதிர்கொண்டது திருச்சபையின் தலைமை பற்றிய கேள்விக்காக. ஆனால் அதற்கு அடியில், மனிதச் சட்டத்துக்கு எல்லை உண்டா என்ற எக்காலத்துக்கும் உரிய கேள்வியும் இருந்தது.

ஜூலை முதலாம் நாள் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் வழக்கு விசாரிக்கப்பட்டது. நீதிபதிகளுள் ஆன் பொலினின் தந்தையும் சகோதரரும் அமர்ந்திருந்தனர். அந்தச் சிறை உரையாடலில் மன்னரின் தலைமையை மோர் வெளிப்படையாக மறுத்தார் என்று ரிச் சாட்சி சொன்னார். அது பொய்யென்று மோர் மறுத்தார். உடனிருந்த இருவரும் புத்தகங்களைக் கட்டுவதில் ஈடுபட்டிருந்ததால் எதையும் கேட்கவில்லை என்றனர். எனினும் யூரர்கள் ஏறக்குறைய கால் மணிநேரத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தனர்.

தீர்ப்புக் கிடைத்த பின்னரே மோர் தம் மௌனத்தைக் கலைத்தார். இலண்டன் நகரசபை முழு நாட்டின் பாராளுமன்றத்துக்கு மாறாகச் சட்டம் இயற்ற முடியாதது போல, கிறிஸ்தவ உலகின் ஓர் உறுப்பான இங்கிலாந்து, இறைவனின் சட்டத்துக்கும் அகில திருச்சபைக்கும் மாறாகச் சட்டம் இயற்ற முடியாதென எடுத்துரைத்தார். நாட்டின் ஆயர்களும் பல்கலைக்கழகங்களும் ஏற்றதை மறுப்பது ஏன் என்ற கேள்விக்கு, உயிரோடிருப்பவர்களை மட்டுமல்ல, விண்ணகத்திலிருக்கும் புனிதர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பதிலளித்தார். முடிவில், ஸ்தேவான் கொல்லப்பட்டபோது உடன்பட்டு நின்ற பவுல் இன்று அவரோடு விண்ணகத்தில் இருப்பது போல, தம்மைத் தீர்ப்பிட்ட நீதிபதிகளையும் தாம் அங்கே மகிழ்வோடு சந்திக்கச் செபிப்பதாகக் கூறினார். உண்மையில் உறுதி உள்ளவன் பிறரை வெறுப்பான் என்போருக்கு இது தக்க விடை.

சிறைக்குத் திரும்பும் வழியில் மார்கிரட் காவலரின் ஆயுதங்களுக்கிடையே புகுந்து தந்தையைக் கட்டித் தழுவினாள். விலகிச் சென்றவள் தாங்கமாட்டாமல் மறுபடியும் ஓடிவந்து தழுவினாள். 1535 ஜூலை 6ஆம் நாள் காலை மோர் சிரச்சேதம் செய்யப்பட்டார். மேடையில் ஏற உதவும்படி அதிகாரியைக் கேட்டு, இறங்கி வருவதைத் தாமே பார்த்துக்கொள்வதாக நகைச்சுவையோடு கூறினார். மன்னரின் நல்ல ஊழியனாகவும் அதற்கு முன்னதாக இறைவனின் ஊழியனாகவும் மரிப்பதாகச் சான்று பகர்ந்தார். நாட்டின் ஆயர்களுள் மன்னருக்குப் பணிய மறுத்து நின்ற ஒரே ஒருவரான புனித ஜோன் ஃபிஷர், இரு வாரங்களுக்கு முன் ஜூன் 22ஆம் நாள் தலைவெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்.

மாறியது எது, மாறாதது எது?

மோரின் உயிரைப் பறித்த சட்டங்களுக்கு என்ன நடந்தது? 1536 மே மாதத்தில் ஆன் பொலினும் சிரச்சேதம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் பாராளுமன்றம் அந்த வாரிசுரிமைச் சட்டத்தை நீக்கி, ஆனின் திருமணமும் செல்லாது எனப் பிரகடனம் செய்தது. 1534இல் எதற்கு ஆதரவாகச் சத்தியம் செய்யாதவன் குற்றவாளியோ, இரண்டு ஆண்டுகளில் அதையே ஆதரிப்பவன் குற்றவாளியானான். குரொம்வெலும் 1540இல் அதே மன்னரின் கட்டளையால் தலையிழந்தார். 1553இல் கத்தரினின் மகள் மரியா அரியணை ஏறியதும், கத்தரினின் திருமணம் செல்லுபடியானதே எனப் பாராளுமன்றம் அறிவித்தது. தொடர்ந்து திருத்தந்தையின் அதிகாரத்தையும் மீண்டும் ஏற்றது. 1559இல் எலிசபெத்தின் பாராளுமன்றம் அதை மறுபடியும் நீக்கியது. கால் நூற்றாண்டுக்குள் எத்தனை மாற்றங்கள்! சட்டமே உண்மையின் அளவுகோல் என்றால், ஒவ்வொரு முறையும் உண்மையே உருமாறியது என்று சொல்ல வேண்டிவரும். அவ்வாறு சொல்ல எவரும் துணியமாட்டார்.

திருச்சபை 1886இல் மோருக்கு முத்திப்பேறு பட்டமும் 1935 மே 19ஆம் நாள் புனிதர் பட்டமும் வழங்கியது. 2000 ஒக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரச தலைவர்களுக்கும் அரசியலாளருக்கும் பாதுகாவலராக அறிவித்தார். ஆங்கிலிக்கன் சபையும் தன் நாட்காட்டியில் அவரை நினைவுகூருகின்றது. 2010 செப்டெம்பரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், மோர் தீர்ப்பிடப்பட்ட அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் அந்நாட்டின் தலைவர்கள் முன்நின்று, அரசியல் முடிவுகளின் அறநெறி அடித்தளம் எது என்ற கேள்வியை எழுப்பினார். மோரை நினைவுகூர்ந்தே அவர் அதை வினவினார்.

மனச்சாட்சி என்ற சொல் இன்று தவறாகவும் பயன்படுகிறது. எனக்குத் தோன்றுவதே என் மனச்சாட்சி என்று பலர் கருதுகின்றனர். மோரின் மனச்சாட்சி அத்தகையதன்று. அது ஆண்டுக்கணக்கான ஆய்வாலும் செபத்தாலும் ஒறுத்தலாலும் உருவானது. தமக்கு வசதியானதைச் சொல்லும் குரலாக அது இருந்திருந்தால், செல்சி வீட்டுக்குத் திரும்பும் வழியைத்தான் காட்டியிருக்கும். மனச்சாட்சி சட்டத்தை ஆக்குவதில்லை, இறைவன் எழுதிய சட்டத்தை வாசித்துக் காட்டுகின்றது. ஆதலால் வாசிக்கக் கற்பதும், வாசித்ததை மறைக்காதிருப்பதும் நம் கடமையாகும்.

நம்மில் பெரும்பாலோரிடம் எவரும் தலையைக் கேட்கப்போவதில்லை. கேட்கப்படுவது சிறியவை. பொய்யான ஒரு கையொப்பம், கண்டும் காணாததாய் விடும் ஓர் அநீதி, கையுறைக்குள் வைத்துத் தரப்படும் ஓர் அன்பளிப்பு. பரீட்சை மண்டபத்திலும் அலுவலக மேசையிலும் எல்லோரும் செய்கிறார்கள் என்ற குரல் எழும்போது, யூரர் சபையில் தனித்து நின்ற அந்த ஒருவனை நம் பிள்ளைகளுக்கு நினைவூட்டுவோம். மாலைச் செபத்தில் கூடும் குடும்பத்தில்தான் அத்தகைய உறுதி வளரும் என்பதற்கு மோரின் இல்லமே சான்று.

ஜூன் 22ஆம் நாள் புனித ஜோன் ஃபிஷரையும் புனித தோமஸ் மோரையும் திருச்சபை நினைவுகூருகின்றது. உள்ளத்தில் இறைவன் எழுதிய எழுத்து எக்கூச்சலிலும் மறைந்துபோகாதிருக்கவும், அதனை வாசித்து அதன்படி நடக்கும் துணிவையும், மாறுபட்டு நிற்போரையும் வெறுக்காத அன்பையும் பெறவும் அவர்களது பரிந்துரையை நாடுவோமாக.